வைக்கற்பட்டடையும் முருகைக்கல்லும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை வேதக்கோயிலின் தடித்த சுவர்களுக்குள் இருப்பது முருகைக்கல். கடலடியில் கண்ணுக்கு எளிதில் படாத உயிர்கள் காலங்காலமாகக் கட்டிய கல் அது. தடவினால் சொரசொரக்கும், உற்றுப் பார்த்தால் பூப்பூவாகக் கண்கள் தெரியும். போர்த்துக்கேயர் தொடங்கிய கோயிலை ஒல்லாந்தர் 1678இல் திருத்திக் கட்டினார்கள்.

ஒல்லாந்தருக்கு எண்ணிக்கையில் குறைவில்லை. 1663இல் யாழ்ப்பாணப் பட்டினப் பகுதியில் 62,558 கிறிஸ்தவர்கள் இருந்ததாகப் போதகர் பல்தேயஸ் எழுதி வைத்திருக்கிறார். எப்படிச் சேர்ந்த கணக்கு என்பதுதான் கேள்வி. ஞானஸ்நானம் இல்லாவிட்டால் கலியாணம் பதிவாகாது, பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குத் தண்டம். சைவ விரதச் சாப்பாடு முடிந்ததும் வாழையிலையைக் கூரைக்குள் செருகி மறைத்த கதை இன்றும் ஊரில் சொல்லப்படுகிறது. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் தளர்ந்தது, தோம்பு என்ற பதிவேட்டில் இருந்தவர்கள் கோயில் பக்கம் வரவில்லை. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது.

இனிக் கொஞ்சம் தூரம் போகவேண்டும். 1806 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வயல்வெளியில் ஜெபிக்கக் கூடினார்கள். இடிமழை வந்தது. பக்கத்தில் இருந்த வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கி, ஆசியாவுக்கு மிஷனரிகளை அனுப்புவதைப் பற்றிப் பேசினார்கள். நம்மூர்ப் பேச்சில் அது வைக்கற்பட்டடை. நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பழமொழியில் வரும் நாய்தான் ஞாபகம் வரும். அவர்கள் அதற்கு நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறார்கள். நான்கு வருடத்தில், 1810இல், அமெரிக்க மிஷன் சங்கம் உருவானது.

அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். 1816இல் இலங்கைக்கு வந்து, மெக்ஸ் என்ற தோழருடன் இந்தக் கூரையில்லாக் கோயிலடியில் குடியேறினார். சேனை இல்லை, தண்டம் இல்லை. வந்தவர்களில் வாரன் என்பவர் 1818இல் காலமானார். ரிச்சர்ட்ஸ் 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார், வயது 38. அதற்கு அடுத்த வருடம்தான் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. டானியல் பூர் அதன் முதல் அதிபர்.

செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். படிப்புச் செலவை அமெரிக்காவில் யாரோ ஏற்றுக்கொண்டதால் பையன்களுக்கு அங்குள்ள பெயர்களும் வந்து ஒட்டிக்கொண்டன. ‘கறல்’ விசுவநாதபிள்ளை என்ற பெயரை முதலில் கேட்கிறவருக்கு இதைச் சொல்லாவிட்டால் விளங்காது. அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள். இரண்டு பேரும் பிறகு சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளை ஏடு தேடி 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அமெரிக்காவில் காசு கொடுத்தவர்கள் கலித்தொகைக்காகக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கு கலித்தொகைக்கும் போயிருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

செமினரி போன போக்கு மிஷன் சங்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறான், ஊழியத்துக்கு வருகிறவன் குறைவு என்பது கணக்கு. 1855இல் செமினரியை மூடினார்கள். கணக்குப் பிழையென்று சொல்லமுடியாது. ஆனால் ஒல்லாந்தரின் 62,558ஐப் போலவே இதுவும் தலையை எண்ணிய கணக்கு.

மூடியதைத் திறக்கவேண்டுமென்று கேட்டவர்கள் அமெரிக்கர் அல்லர், செமினரியில் படித்து வளர்ந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளவில் தொடங்கியது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்து, யாழ்ப்பாணம் அதன் ஆதீனங்களில் ஒன்றானது. பேராலயமாகத் தெரிந்தெடுத்தது மெக்ஸும் ரிச்சர்ட்ஸும் கூரையின்றிக் கண்ட அதே கோயிலை. அங்கே முதல் பேராயராக அமர்ந்தவர் யாழ்ப்பாணத்தவரான சபாபதி குலேந்திரன். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதியவரும் அவர்தான்.