கட்டைவிரல் குதிரைப்படை

வல்லக்கோட்டை முருகனை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஏழடி உயரம்! தரிசனம் முடித்து, நண்பர் வீட்டு மாடிக்குப் போனால் குனிந்து பார்க்க வேண்டும். மேஜைமேல் ஒரு டஜன் குதிரைவீரர்கள். இறங்கி நின்றால் ஒவ்வொருவனும் 28 மில்லிமீட்டர்.

நெப்போலியனின் ஹுஸார்கள். சேனைக்கு முன்னால் ஓடி வேவு பார்க்கும் இலகு குதிரைப்படை. பகடை உருட்டி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, மேஜைமேல் யுத்தம் செய்வார்களாம். நண்பர் பெயின்ட் அடிப்பதோடு சரி. (ஒரகடத்தில் எதிரிக்கு எங்கே போவது?)

பகலில் அவருக்குக் கார் தொழிற்சாலை பெயின்ட் ஷாப்பில் வேலை. அங்கே இயந்திரக் கை பூசும், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி இவர் கை பூசும். பொம்மையை சோடா மூடியில் ஒட்டி, முதலில் முழுக்கக் கறுப்பு. அப்புறம் நிறங்கள். பழுப்பு மையை நீர்க்கக் கரைத்து விட்டால், அது தானாக மடிப்புகளில் தேங்கி நிழலாகிவிடுகிறது. காய்ந்ததும், துடைத்த பிரஷ்ஷில் மிச்சமிருக்கும் சாயத்தால் மேடுகளை மட்டும் தடவுகிறார். பிடரியில் மயிர் மயிராக வெளிச்சம்! நெஞ்சில் ஏணிப்படி மாதிரி சரிகை. தோளில் மாப்பிள்ளை அங்கவஸ்திரம் போல இன்னொரு சட்டை. அதற்கும் பொத்தான் உண்டு. பொத்தான் வைக்கும்போது மூச்சு விடமாட்டார். நானும் விடவில்லை.

"நெப்போலியனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏற்றிக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, ஆற்காடு, அங்கிருந்து வேலூர்.

1806 ஜூலை 10. விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவுகள். எரிச்சல் அதோடு நிற்கவில்லை. சேதி போனதும் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி 19-ஆவது லைட் டிரகூன்ஸோடு 25 கிலோமீட்டர் பாய்ந்து வந்தார். அதுவும் இலகு குதிரைப்படைதான். பின்னாலேயே மதராஸ் குதிரைப்படை. சிப்பாய்களைப் போலவே அவர்களும் கம்பெனிச் சம்பளக்காரர்கள், இந்த நாட்டு ஆட்கள். பீரங்கியால் கதவை உடைத்து நுழைந்தார்கள். செத்த சிப்பாய்கள் சுமார் 350 என்பது கணக்கு. பிடிபட்டவர்களில் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் நெப்போலியன் யேனாவில் ஜெயித்தார். எனக்கு யேனா மனப்பாடம். பக்கத்து ஊர் தேதியை நண்பர் சொல்ல வேண்டியிருக்கிறது.

அகழியில் தண்ணீர் பச்சையாக இருந்தது. கரையில் கடலை விற்றார்கள். வாங்கித் தின்றோம். ரொம்ப நேரம் பேசவில்லை.

திரும்பி வந்ததும் அலமாரியிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தார். வேலூர்ச் சிப்பாய்கள். ஒவ்வொருவன் நெற்றியிலும் ஒற்றை மயிர் பிரஷ்ஷால் வைத்த நாமமோ பட்டையோ, லென்ஸ் வைத்தால்தான் தெரியும். பக்கத்தில் டிரகூன்கள், பளபளவென்று. ஓரத்தில் ஒரே ஒரு மதராஸ் குதிரைவீரன். குதிரை, சேணம், வாள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் இன்னும் கறுப்பு.

"மறந்துட்டீங்களா?"

"இல்ல சார். கதவு உடைஞ்சு உள்ள போறான் பாருங்க... அப்ப மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? மூணு மாசமா யோசிக்கிறேன்."