அனுபவத்திற்கு ஒரு சான்று

“என்ன படித்திருக்கிறீர்கள்?” வேலை தேடிச் செல்வோரை முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே. இருபது வயது இளைஞரிடம் இப்படிக் கேட்பதில் பொருளுண்டு. படிப்பைத் தவிர அவர் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் கால் நூற்றாண்டு உழைத்துத் தேர்ந்தவரிடமும் அதையே முதல் வினாவாகக் கேட்பது முறைதானா?

எம் தமையனார் கோவையில் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்தவர். பத்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. நூற்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்புளியின் ஒரு முனையைப் பேரிங்கின் மேலுறையில் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பார். எந்தப் பேரிங் விரைவில் பழுதாகும் என்பதைச் சொல்லிவிடுவார். ஆலை மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கைக்குக் கிடைத்த சான்றிதழில் இரண்டே வரிகள்: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை பணியாற்றினார், நடத்தை நன்று. அவரது காதும் கையும் அறிந்திருந்த எதுவும் அதில் இல்லை.

பிற ஆலைகளில் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணிக்குப் பட்டமோ பட்டயமோ வேண்டுமென்றனர். இறுதியில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. ஊதியம் பாதியாயிற்று. மூத்த மகளின் கல்லூரிச் சேர்க்கை ஓராண்டு தள்ளிப்போயிற்று. தந்தையிடம் இல்லாத பட்டம், மகள் பெறவேண்டிய பட்டத்தையும் தாமதப்படுத்தியது.

அவருக்கு மேலே அமர்த்தப்பட்ட இளம் பட்டதாரியை நாம் குறைகூறவில்லை. இயந்திர வரைபடத்தைப் படிக்கவும், ஆங்கிலக் கையேட்டைப் புரிந்துகொள்ளவும் அவரால் முடிந்தது. எம் தமையனாரால் முடியவில்லை. கல்வி வீண் என்று சொல்வோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். எனினும், பழுது ஏற்பட்ட நேரங்களில் அந்த இளைஞரே எம் தமையனாரைத் தேடி வந்தார் என்பதும் உண்மை.

அப்படியானால் பட்டத்தின் வலிமைதான் என்ன? அது நாணயம் போன்றது, எவ்வூரிலும் செல்லும். அனுபவமோ உள்ளூர்க் கடையில் நமக்கிருக்கும் நற்பெயர் போன்றது. அறிந்தவர் மதிப்பர்; ஊர் மாறினால் அதற்கு மதிப்பில்லை. அனுபவம் பட்டத்திலும் தாழ்ந்தது என்பதன்று. அதை எடுத்துச் செல்ல ஒரு பை இல்லை என்பதே குறை.

பட்டமில்லாமல் உயர்ந்தவர் என்று கணித மேதை இராமானுஜனைப் பலர் சுட்டுவர். கல்லூரித் தேர்வில் தேறாத அவர், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் என்பது மெய்யே. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவரது ஆராய்ச்சியையே தகுதியாகக் கொண்டு இளங்கலைப் பட்டம் வழங்கியதை நாம் மறந்துவிடுகிறோம். செய்து காட்டிய பணியே அங்குப் பட்டமாக மாறிற்று.

மேதைக்குச் செய்ததை உழைப்பாளிக்கும் செய்யலாகாதா? பிரான்சு நாட்டில் 2002ஆம் ஆண்டு அதற்கெனச் சட்டமே இயற்றினர். மூன்றாண்டுப் பணியனுபவம் உடையவர், தாம் செய்த பணியை எழுத்தில் விளக்கி, நடுவர் குழுவின்முன் நிறுவினால் பட்டமே பெறலாம் என்றது அச்சட்டம். நம் நாட்டிலும் 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்னரே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அச்சான்று பட்டத்திற்கு ஈடாகாது. ஆயினும் பாதை திறந்தது நல்லதே.

ஆட்சியாளர் செய்வது ஒருபுறம் இருக்க, நம்மால் ஆவதும் உண்டு. பணிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நாம் இருந்தால், அனுபவமுள்ளவரிடம் தாளைக் கேட்குமுன் இயந்திரத்தைக் காட்டி, “இதைச் சரிசெய்யுங்கள்” என்று சொல்லிப் பார்க்கலாம். விடைபெறும் தொழிலாளருக்குச் சான்றிதழ் எழுதுவோர், “நடத்தை நன்று” என்பதோடு நில்லாமல், அவர் எவ்வெவ் வேலைகளில் வல்லவர் என்பதையும் விரித்து எழுதலாம். அதற்கு ஆகும் செலவு கால்மணி நேரமும் ஒரு தாளும்தான். அத்தாள் இருந்திருந்தால், நாற்பத்தெட்டாம் வயதில் ஒரு மனிதர் மீண்டும் முதற்படியிலிருந்து ஏற வேண்டிய நிலை வந்திராது.