சிவப்பு இணைப்பு எங்கிருந்து வந்தது?

எங்கள் அலுவலகத்தில் சர்வர் அமைப்பு, வாடிக்கையாளர் விவரம், விடுப்பு விதி என்று மின்னஞ்சல்களில் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க மீடியாவிக்கி என்ற மென்பொருளை நிறுவினார்கள். பயன்படுத்தக் கற்றபோது ஒன்று மட்டும் வியப்பாக இருந்தது. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது இணைப்பாகிவிடும். அந்தப் பெயரில் பக்கமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெயர் சிவப்பில் தெரியும், அதை அழுத்தினால் எழுதுவதற்கு ஒரு காலிப் பெட்டி திறக்கும். இல்லாத கோப்பைக் கேட்டால் மற்ற மென்பொருள்கள் பிழை என்று சொல்லி நின்றுவிடும். இது மட்டும் ஏன் "நீயே எழுது" என்கிறது? இப்படி யோசித்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

மீடியாவிக்கி விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்டது. அதன் முதல் வடிவத்தை மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானியர் எழுத, அது 2002இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டில் லீ டேனியல் குரோக்கர் அதைத் திருத்தி எழுதினார். ஆனால் விக்கிப்பீடியா தொடங்கியது 2001 ஜனவரி 15 அன்று. அப்போது அது ஓடியது கிளிஃபோர்டு ஆடம்ஸ் பெர்ல் மொழியில் எழுதிய யூஸ்மாட்விக்கியில். அங்கே எழுதப்படாத பக்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதை அழுத்தினால் எழுதலாம். சிவப்புக்கு முன்னால் கேள்விக்குறி இருந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குறியும் ஆடம்ஸுடையதல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று இணையத்தில் ஏற்றிய விக்கிவிக்கிவெப்தான் உலகின் முதல் விக்கி, அதாவது படிப்பவர்களே எழுதித் திருத்தும் தளம். கேள்விக்குறி அதிலேயே இருந்தது. நிரலாளர்கள் தம் அனுபவத்தில் கண்ட வடிவமைப்புத் தீர்வுகளை, அவர்கள் பாணியில் சொன்னால் 'பேட்டர்ன்'களை, சேர்த்து வைப்பதற்கான இடம் அது. கன்னிங்ஹாமும் சக நிரலாளர் கென்ட் பெக்கும் 1987லேயே இந்தச் சிந்தனையைக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரிடமிருந்து மென்பொருளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அலெக்சாண்டர் குழுவினரின் 1977ஆம் ஆண்டு நூலில் 253 பேட்டர்ன்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரியதையும் சிறியதையும் சுட்டும். இப்படி ஒன்றையொன்று சுட்டும் எழுத்தைப் பலர் கூடி எழுதும்போது, இன்னும் எழுதாததையும் சுட்டித்தான் ஆகவேண்டும்.

விடை கிடைத்துவிட்டது என்று இங்கேயே நின்றிருப்பேன். ஆனால் கன்னிங்ஹாமே சொல்லியிருக்கும் பழைய கதை ஒன்று இதற்கும் பின்னால் அழைத்துப் போனது. 1980களின் இறுதியில் அவர் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆப்பிள் நிறுவனம் 1987இல் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளை வெளியிட்டிருந்தது. திரையில் அட்டைகளை உருவாக்கி ஒன்றோடொன்று இணைக்கலாம். நிறுவனத்துக்குள் ஒரு யோசனை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்க்க, ஆட்கள், யோசனைகள், திட்டங்கள் ஆகியவற்றுக்கு அதில் அட்டைகள் போட்டார் கன்னிங்ஹாம். ஹைப்பர்கார்டில் புதிய அட்டையை இணைப்பது சுற்றுவழி வேலை. அதைச் சுருக்க ஒரு வழி செய்தார்: பெயரை எழுதினால் போதும், அந்தப் பெயரில் அட்டை இல்லையென்றால், பெயருக்கான பொத்தானை அழுத்திப் பிடித்ததும் புதிய அட்டை வந்துவிடும். வேடிக்கை பார்க்க வந்த சக ஊழியர்கள் உட்கார்ந்து தமக்குத் தெரிந்ததைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

நான் தேடியது இதைத்தான். விக்கி என்றதும் கலைக்களஞ்சியம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் மூலக் கேள்வி ஓர் அலுவலகத்தின் கேள்வி: இங்கே யாருக்கு என்ன தெரியும்? ஒருவருக்குத் தெரிந்தது பாதி. மீதி எங்கே வரவேண்டும் என்று காட்டிவிட்டு அவர் நகரலாம். தெரிந்தவர் வந்து நிரப்புவார்.

அலுவலகத்தில் பிறந்த அந்த யோசனை அலுவலகத்துக்கே திரும்பியது. 1998இல் பீட்டர் தோனி நிறுவனங்களுக்காக ட்விக்கி என்ற விக்கி மென்பொருளைத் தொடங்கினார். 2004இல் அட்லாசியன் நிறுவனத்தின் கான்ஃபுளூயன்ஸ் வந்தது. 2006இல் அமெரிக்க உளவுத் துறைகள் தமக்குள் பயன்படுத்தும் இன்டெலிபீடியா என்ற விக்கியை அறிவித்தன. அதுவும் மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது. ரகசியமே தொழிலான இடத்திலும் விக்கி நடந்தது. ஆனால் முகமறியாதவர் அதில் எழுத முடியாது. ஒவ்வொரு திருத்தத்திலும் எழுதியவர் பெயர் இருக்கும். எதை அழித்தாலும் பழைய வடிவம் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். யார் எதை மாற்றினார் என்பது அண்மைய மாற்றங்கள் பட்டியலில் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றும் இருக்கும் அந்தப் பட்டியலும் கன்னிங்ஹாமின் முதல் விக்கியிலிருந்து வந்ததே.

அலுவலகத்தில் விக்கி தொடங்கும் சிலர் முழுப் பொருளடக்கத்தையும் முதலில் தீட்டி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலதிகாரியின் ஒப்புதல் வைத்து, எல்லாம் நிரம்பிய பிறகே ஊழியர்களுக்குத் திறக்கிறார்கள். விக்கியை விக்கியாக்கிய அந்தக் காலி இடத்தை இப்படி முதல் நாளே எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் புதிதாகச் சேர்ந்தவர் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். தெரியாத இடங்களைச் சிவப்பாகவே விடுங்கள். இல்லாத எந்தப் பக்கத்துக்கு அதிக இணைப்புகள் வந்திருக்கின்றன என்று மீடியாவிக்கியே பட்டியல் போட்டுத் தரும். அடுத்து எதை எழுதவேண்டும் என்று முடிவு செய்ய அந்தப் பட்டியலே போதும். அதற்கென்று ஒரு கூட்டம் தேவையில்லை.