பாங்காக்கில் ஒரு கணக்கு டீச்சர்!

‘பாங்காக் போகிறேன்’ என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே குரலைத் தாழ்த்தி, “ஃபேமிலியோடயா... தனியாவா?” என்று கேட்பார்கள். ‘தனியாத்தான்’ என்றால் ஒரு கள்ளச் சிரிப்பு! 2024 ஜனவரியில் இந்தச் சிரிப்பு எனக்கு மொத்தம் பதினோரு பேரிடமிருந்து கிடைத்தது. பதினோராவது ஆள், பணம் மாற்றிக் கொடுத்த பேங்க் கேஷியர்.

“அக்கா வீட்டுக்குப் போறேன் சார். பொங்கலுக்கு!”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க” என்றார், நோட்டை எண்ணிக்கொண்டே.

சத்தியமாக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். பெரியப்பா மகள். திருச்சியில் பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். எம்.எஸ்ஸி., பி.எட். சின்ன வயதில் எனக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்த முயற்சி தோற்றதால்தான் நான் பி.காம். ஆனேன். 2015-லிருந்து அவள் பாங்காக்வாசி. இப்போது ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் வேலை.

விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. ராஜ பரம்பரைக்குப் பெயர் ராமா. ‘அட, நம்ம ஊர்தான்!’ என்று தெம்பாக வெளியே வந்தேன். மாமா வந்திருந்தார். திருச்சியில் கம்பெனி அக்கவுன்டன்ட்டாக இருந்தவர். இங்கே அவருக்கு மனைவியைச் சார்ந்தவர் என்ற விசா. அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது.

“அதனால சமையல் இலாகா நம்மகிட்ட. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது” என்றார் டாக்ஸியில். ரசம் வாசனை அவர் சட்டையிலேயே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, சமையலறைச் சுவரில் தொங்கிய நம்மூர் தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் உண்டு. ஏப்ரலில் ஒரு தாளை மட்டும் மடக்கி, சிவப்புப் பேனாவால் ‘90’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

“என்ன மாமா இது, விரதமா?”

“அப்படித்தான் வெச்சுக்கயேன். தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை ‘நான் இன்னும் இந்த விலாசத்துலதான் இருக்கேன்’னு இமிக்ரேஷன்ல சொல்லணும். மறந்துட்டா ரெண்டாயிரம் பாத் அபராதம். அஷ்டமியை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.”

ஒரு பாத் அப்போது சுமார் இரண்டு ரூபாய் முப்பத்தைந்து பைசா. அந்த ஒரு மடிப்பின் விலையை மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். பி.காம். புத்தி!

இன்டர்நேஷனல் ஸ்கூல் என்ற சமாசாரம் 1924-ல் ஜெனீவாவில் தொடங்கியது. சர்வதேச சங்கத்தில் வேலை பார்க்க வந்த பல நாட்டு அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம். பாங்காக்கில் 1951-லேயே ஒன்று வந்துவிட்டது. இன்று வெளிநாட்டுப் பிள்ளைகளை விட உள்ளூர்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் என்று சொல்லத்தக்க பள்ளிகள் பல. பெரிய பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு வருஷ ஃபீஸ் ஐந்து லட்சம் பாத்துக்கு மேலே. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு ஃபீஸில் சலுகை தருவது இந்தப் பள்ளிகளில் வழக்கம். அக்கா மகளும் அதே ஸ்கூலில்தான் ஒன்பதாவது படிக்கிறாள். ஃபீஸ் கிடையாது.

கேட்க ஆனந்தமாக இருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அக்காவின் வேலை போனால் அவள் விசா போகும். மாமாவின் விசா போகும். மகளின் ஸ்கூலும் போகும். ஒரே ஆணியில் மொத்தக் குடும்பத்தையும் மாட்டி வைத்த மாதிரி!

அந்த ஆணி அப்போது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பொங்கல் அன்று ராத்திரிதான் தெரிந்தது.

* * *

இந்த வேலையைப் பிடிக்க அக்கா பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் ஒரு ஏஜென்ட். “டூரிஸ்ட் விசாவுல வாங்க மேடம், மத்ததை ஸ்கூல் பார்த்துக்கும்” என்றான். ஸ்கூல் பார்த்துக்கொண்டே இருந்தது, ஒன்றும் செய்யவில்லை. வொர்க் பெர்மிட் இல்லாமல் பாடம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதே அவளுக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

“தினமும் ஸ்கூல் வாசல்ல யாராவது யூனிஃபார்ம் போட்டவன் நின்னா வயிறு கலங்கும்டா. தபால்காரனைப் பார்த்துக்கூடப் பயந்திருக்கேன்.”

அந்த வேலையை உதறிவிட்டு இன்னொரு ஸ்கூலில் ஒழுங்கான கடிதம் வாங்கினாள். ஆனால் வேலைக்கான விசாவைத் தாய்லாந்துக்கு வெளியே போய் வாங்கி வா என்றார்கள். ராத்திரி ரயிலில் நோங் காய். அங்கிருந்து மேகாங் நதியின் மேல் 1994-ல் கட்டிய நட்புறவுப் பாலத்தைத் தாண்டினால் லாவோஸ். வியன்டியான் நகரத்தில் தாய்லாந்து விசா ஆபீஸ் வாசலில் விடிகாலையிலேயே கியூ. பார்த்தால் பிலிப்பைன்ஸ்காரர், இங்கிலாந்துக்காரர், கேமரூன்காரர்... எல்லாரும் வாத்தியார்கள்! கையில் ஃபைலோடு நகம் கடித்தபடி.

“அன்னிக்குத்தான் பரீட்சைக்கு வெளியே நிக்கிற பசங்க கஷ்டம் புரிஞ்சுது” என்றாள் அக்கா.

2018 ஜனவரியில் ‘ஜாப் ஃபேர்’ என்கிற வேலைச் சந்தைக்குப் போயிருக்கிறாள். பாங்காக்கில் பெரிய ஹோட்டலில் நடக்கும். ஹாலில் வரிசையாக மேஜை. மேஜைக்கு ஒரு நாட்டுப் பிரின்ஸிபால். இரண்டு நிமிஷத்தில் நம்மைப் பற்றிச் சொல்லி இன்டர்வியூவுக்கு நேரம் வாங்க வேண்டும். இன்டர்வியூ மாடியில், ஹோட்டல் ரூமில். ஒன்றிரண்டு நாளில் முடிவு.

“பெண் பார்க்கிறதுதான், வேற ஒண்ணுமில்லே. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது.”

அங்கேதான் இப்போதைய ஸ்கூல் கிடைத்தது. அதோடு தீர்ந்ததா? சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சக முத்திரை, தூதரக முத்திரை, போலீஸ் சான்றிதழ், பழைய பிரின்ஸிபால் நேரடியாக அனுப்பும் ரகசியக் கடிதம்! திருச்சி பிரின்ஸிபால், ‘இவர் நேரம் தவறாதவர், தெய்வபக்தி மிக்கவர்’ என்று எழுதி அனுப்பிவிட்டாராம். அதற்கு மேல், குருசபா!

பதறாதீர்கள், மடம் அல்ல. தாய்லாந்தில் ஆசிரியர் உரிமம் தருகிற கவுன்சிலுக்கு அதுதான் பெயர். உரிமம் இல்லாதவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தற்காலிக அனுமதி தருவார்கள். அதை இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டே போக முடியாது. பி.எட். இருந்ததால் அக்கா தப்பித்தாள். ‘சும்மா ஒரு டிகிரி இருக்கு’ என்று கிளம்புகிற தம்பி, தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

* * *

பொங்கல் அன்று ராத்திரி. சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“நாளான்னிக்கு என் கிளாஸுக்கு இன்ஸ்பெக்ஷன்டா.”

அந்த ஸ்கூலில் நவம்பரிலேயே ‘அடுத்த வருஷம் இருக்கிறாயா?’ என்று ஃபாரம் கொடுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் காண்டிராக்ட் வந்துவிட்டது, அக்காவுக்கு வரவில்லை. கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். ஒரு பெற்றோர், ‘கணக்கு மிஸ்ஸின் ஆங்கில உச்சரிப்பு இந்திய உச்சரிப்பு; இவ்வளவு ஃபீஸ் இதற்கா?’ என்று கேட்டாராம்.

“எக்ஸ், ஒய், இஸட். நான் இஸட்னு சொல்றேனாம். இஸட்டுக்கு வேல்யூ கண்டுபிடிச்சாச்சா, அது பத்திக் கவலை இல்லே!” அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இது அந்த ஒரு ஸ்கூல் சங்கதி மட்டும் இல்லை. ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும்’ என்று வரும் விளம்பரங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். என்ன படித்திருக்கிறாய் என்பதற்கு முன்னால் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்பார்கள்.

“சரி, வா. உன்னை வெச்சு ஒத்திகை பார்த்துடறேன்” என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். பாடம், கூட்டு வட்டி. பத்து நிமிஷம் விளக்கினாள்.

“புரியுதா?”

“ஓ... நல்லாப் புரியுது.”

சிலேட்டு மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் கையில் கொடுத்தாள். “ஆயிரம் பாத், அஞ்சு பர்சென்ட், ரெண்டு வருஷம். மொத்தம் எவ்வளவு? எழுதித் தூக்கிக் காட்டு.”

1,100 என்று எழுதித் தூக்கினேன். பக்கத்தில் அவள் மகள் தூக்கியதில் 1,102.50 என்று இருந்தது. மாமா, முன்னாள் அக்கவுன்டன்ட், என் பட்டப்படிப்பை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பார்த்தியா? தலை ‘புரியுது’ங்கும். கைதான் உண்மையைச் சொல்லும். இங்கே பசங்க உன்னை மாதிரிதான். ‘கிரெங் ஜாய்’னு சொல்வாங்க, அடுத்தவங்களுக்குச் சங்கடம் கொடுக்கக் கூசறது. புரியலேன்னு சொன்னா டீச்சர் மனசு கஷ்டப்படுமேன்னு தலையாட்டிடுவாங்க. முதல் வருஷம் நான் ஏமாந்துட்டேன். அத்தனை பேரும் தலையாட்டினாங்க, பரீட்சையில பாதிப் பேர் அவுட்! அப்புறம்தான் இந்தப் பலகை.”

அவள் மாற்றிக்கொண்டது அது மட்டும் இல்லை. திருச்சியில் அவளுடைய முக்கியமான போதனா முறை, குட்டு! (என் தலையே சாட்சி.) தாய்லாந்தில் தலை புனிதமான அங்கம். செல்லமாகத் தட்டிக்கூடக் கொடுக்கக் கூடாது. குரலை உயர்த்தினால், மரியாதை இழப்பவர் கத்தியவர்தான். குட்டும் சத்தமும் இல்லாமல் கணக்குச் சொல்லித்தர நாற்பது வயதில் கற்றுக்கொண்டாள்.

* * *

ஜனவரி 16 தாய்லாந்தில் ஆசிரியர் தினம். ஸ்கூல் லீவு. மனசு மாறட்டும் என்று எல்லாரும் ‘சாவ் சிங் சா’ என்கிற பெரிய ஊஞ்சலைப் பார்க்கப் போனோம். நடுரோட்டில் சிவப்பு வர்ணத்தில், உயரமான தேக்குமரத் தூண்கள். ஊஞ்சல் பலகை கிடையாது. ஆடுவதை 1935-லேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் 1784-ல் முதலாம் ராமா காலத்தில் எழுந்த பிராமணர் கோயில். ஊஞ்சல் ஆடிய அந்தச் சடங்குக்குப் பெயர் என்ன தெரியுமா? திரியம்பவாய் - திரிபவாய்!

ஆமாம், நம்ம திருவெம்பாவை, திருப்பாவைதான். எந்தக் காலத்திலோ கடல் கடந்து போன நம் மார்கழிப் பாட்டு. ஊஞ்சல் நின்றாலும் கோயிலுக்குள் சடங்கு இன்றும் நடக்கிறது. பாட்டு ஒலிக்கிறது, ஆனால் நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாதபடி உச்சரிப்பு மாறிவிட்டது.

அக்கா அண்ணாந்து ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்டா, திருவெம்பாவை உச்சரிப்பு மாறியும் இத்தனை வருஷமா இங்கே நிரந்தரமா இருக்கு. என்னோட ஒரு இஸட்டுக்கு இடமில்லையா?”

பதில் சொல்லத் தெரியாமல், பக்கத்தில் விற்ற இளநீரை வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி அவள் மகள் ஒரு ஃபோட்டோ காட்டினாள். இங்கே ஜூன் மாத வாக்கில் பள்ளிகளில் ‘வாய் க்ரூ’ என்று ஒரு நாள் வரும். க்ரூ என்றால் குருவேதான். பிள்ளைகள் மண்டியிட்டு டீச்சருக்குத் தட்டில் காணிக்கை கொடுப்பார்கள். வழக்கமான காணிக்கை அருகம்புல், பொரி, கத்தரிப்பூ, இட்லிப்பூ! அருகம்புல் மாதிரி அறிவு பரவ வேண்டும். கத்தரிப்பூ தலை குனிந்திருப்பதால் அது பணிவு. இட்லிப்பூ மொட்டு ஊசி மாதிரி இருப்பதால் கூர்மையான புத்தி. ஃபோட்டோவில் எட்டுப் பிள்ளைகள் அக்கா முன்னால் மண்டியிட்டிருந்தார்கள். அக்கா, தலையைத் தொட்டுவிடக் கூடாதே என்று கைகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

குருவை இப்படிக் கும்பிடும் தேசம். அதில் இந்த குருவுக்கு மட்டும் வருஷா வருஷம் பரீட்சை!

* * *

17-ஆம் தேதி சாயங்காலம். நானும் மாமாவும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

“என்னாச்சுக்கா?”

“சொதப்பிடுச்சுன்னுதான் நெனச்சேன். பின்வரிசையில ஒரு பையன். ரெண்டு வருஷமா வாயே திறக்காதவன். இன்ஸ்பெக்ஷன் பண்றவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். எல்லாரும் விடையை எழுதித் தூக்கறாங்க. இவன் ‘எனக்குப் புரியவில்லை’ன்னு எழுதித் தூக்கிட்டான்டா!”

“ஐயையோ!”

“எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் விட்டுட்டேன். அவன் பக்கத்துல போய் முட்டி போட்டு உட்கார்ந்து முதல்லேருந்து சொன்னேன். வகுப்பு அஞ்சு நிமிஷம் பின்தங்கிப் போச்சு. மூணாவது தடவை சரியா எழுதினான்.” சாம்பாரை ஒரு வாய் ருசித்து முகம் சுளித்தாள். “அவர் ஒண்ணுமே சொல்லலே. நோட்டுல மட்டும் ஏதோ எழுதிக்கிட்டார்.”

இரண்டு நாள் கழித்து நான் கிளம்பிவிட்டேன். முடிவு தெரியவில்லை. மீந்த பாத்தை மாற்ற அதே பேங்க்குக்குப் போனேன். கேஷியர் கண் சிமிட்டினார்.

“என்ன சார், பாங்காக்ல என்ன செஞ்சீங்க?”

“கூட்டு வட்டி படிச்சேன் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சார்...” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு ராத்திரி ஃபோன். மாமா.

“ஒண்ணுமில்லே மாப்ளே. 2025 தினசரி காலண்டர் ஒண்ணு வேணும். தாள் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும், மடக்கறதுக்கு. இப்பவே கடையில சொல்லி வெச்சிடு.”

“மாமா! அப்ப அக்காவுக்கு...”

“ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருக்காங்க. ரெண்டு கேட்டா, ஒண்ணு. அதனால ஒரு காலண்டர் போதும்!”