கதவுக்கு வெளியே பன்னிரண்டு இரவுகள்



மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் சைக்கிளில் புறப்பட்டுப் போவதையும், மறுநாள் காலை புழுதி படிந்த உடையோடு திரும்பி வருவதையும் உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். "ஐயர் ராத்திரியில் எங்கே போகிறார்?" என்று சிலர் என் துணைவியாரிடம் விசாரித்ததும் எனக்குத் தெரியும். இந்த வாரத் தியானத்தை அதற்கான பதிலாகவே எழுதுகிறேன். பதிலின் ஒரு பகுதி எனக்குப் பெருமை சேர்ப்பதன்று. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று கர்த்தர் என் உள்ளத்தில் ஏவினார்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர் என் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்துவிட்டு, உடலுக்கு வேலை கொடுக்கும்படி கண்டிப்பாகச் சொன்னார். நம் சபையின் மூத்தவர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், நான் அண்ணாச்சி என்று அழைப்பவர், தம் வீட்டில் இரண்டு பழைய சைக்கிள்கள் சும்மா கிடப்பதாகச் சொன்னார். காலையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை போய்வருவதில் தொடங்கினோம். சில வாரங்களுக்குப் பின் அவர், "ஐயா, போன இடத்திலயே ராத்திரி தங்கிட்டு வந்தா என்ன? மாசத்துக்கு ஒருக்க போவோம். ஒரு வருஷம் பாப்போம்" என்றார். 2023 ஜனவரியில் முதல் இரவு.

நாங்கள் கொண்டு சென்றவை அதிகமில்லை. ஒரு தார்ப்பாய், இரண்டு கொசுவலைகள், ஒரு ஜமுக்காளம், கயிறு, டார்ச், தண்ணீர், அவல், கருப்பட்டி. சீமைக்கருவேல முள்ளுக்குத் தப்பும் டயர் நம் நாட்டில் இல்லையாதலால் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கைப்பம்பும் உண்டு. சில ஒழுங்குகளை அண்ணாச்சி வைத்திருந்தார். பொழுது சாயுமுன் இடம் பார்த்துவிட வேண்டும். நிலத்துக்குரியவரிடம் கேட்காமல் படுக்கக் கூடாது. ஆறு வற்றிக் கிடந்தாலும் ஆற்றுமணலில் படுக்கக் கூடாது. மேலே பாபநாசத்தில் திறந்துவிடும் தண்ணீர் நடு இரவில் வந்து சேரலாம். தென்னைக்கு அடியிலும் கற்குவியலுக்கு அருகிலும் படுக்கக் கூடாது.

ஜனவரி இரவு ஆற்றுக்குத் தென்புறம், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரத்தில் கழிந்தது. முருக பக்தர்கள் பச்சை ஆடை உடுத்திப் பாதயாத்திரையாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மரத்தடியில் படுத்திருந்த ஒரு கூட்டத்தார், நாங்கள் சைக்கிளை நிறுத்தியதைக் கண்டு, எதுவும் கேளாமல் தங்கள் விரிப்பைச் சுருட்டி இடம் ஒதுக்கினார்கள். விடியுமுன் பனியில் தார்ப்பாய் நனைந்திருந்தது. நாங்கள் விழித்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். எங்கள் செருப்புகள் மட்டும் நனையாமல் தார்ப்பாய்க்குள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

மார்ச்சில் குதிரைமொழித் தேரிக்குச் சென்றோம். அந்தச் செம்மணலில் சைக்கிளை ஓட்ட முடியாது. சக்கரம் பாதி புதையப் புதையத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பனையேறும் குடும்பம் ஒன்றின் விடிலிக்கு அருகே இடம் கேட்டோம். இருட்டு விலகுமுன்னரே அந்த வீட்டுத் தகப்பன் பனைக்கு ஏறிவிட்டார். இறக்கிய பதநீரை அவர் மனைவி அடுப்பிலேற்றிப் பல மணி நேரம் காய்ச்சுகிறார். நாம் காப்பியில் ஒரு நொடியில் கரைத்துவிடும் கருப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை, அந்தப் புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்தபோதுதான் நான் முழுதாகக் கண்டேன்.

மே மாதத்தில் மணப்பாடு. 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாக மக்கள் போற்றும் குகை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நாங்கள் கீழே மணலில் படுத்தோம். அக்கினி நட்சத்திரத்தின் வெப்பம் நள்ளிரவு வரை மணலில் இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு மீனவர்கள் படகைத் தள்ளும்போது நாங்களும் எழுந்து கைகொடுத்தோம்.

இவ்வளவும் இனிமையாகத் தோன்றும். ஆடிக் காற்று அந்த இனிமையை எடுத்துப்போட்டது. ஜூலையில் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குப் போனோம். எதிர்க்காற்றில் மிதித்து மிதித்து முழங்கால் சோர்ந்துபோயிற்று. கட்டிய தார்ப்பாய் இருமுறை பிய்த்துக்கொண்டு பறந்தது. அவலில் மணல், கண்ணில் மணல். "இது எதற்கு அண்ணாச்சி? சர்க்கரைக்கு வீட்டிலேயே நடந்தால் போதாதா?" என்று நான் சலித்துக்கொண்டேன். அப்போது அவர், தார்ப்பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டே, ராக்லாந்து ஐயரின் வரலாற்றைச் சொன்னார்.

தாமஸ் ராக்லாந்து கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராக இருந்தவர், சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றியவர். அந்த மேசைப் பணியை விட்டு, 1854இல் வடதிருநெல்வேலியில் கூடார ஊழியத்தைத் தொடங்கினார். டேவிட் ஃபென், மெடோஸ் என்னும் இருவர் அவரோடு சேர்ந்தார்கள். சிவகாசியைச் சுற்றிய பகுதிகளில் ஓரிடத்தில் கூடாரம் அடிப்பது, சுற்றுக் கிராமங்களைச் சந்திப்பது, பின்பு கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடத்துக்குச் செல்வது என்பதே அவர்கள் வாழ்க்கை. ராக்லாந்து நுரையீரல் நோயால் வருந்தியவர். 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் மரித்தார். நான்கு ஆண்டுகள்தான்.

இதில் நாம் மறந்துவிட்ட ஒரு பங்கு உண்டு. அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர். தெற்கேயுள்ள நம் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து, மாதத்துக்கு ஒரு குழுவாக, அந்த ஊழியத்துக்கு அனுப்பின. அவர்களுடைய செலவையும் ஏற்றன. பனையேறியும் உழுதும் பிழைத்த நம் முன்னோர் கொடுத்த காணிக்கை அது. "அவங்க மாசம் பூராவும் வெளியே கிடந்தாங்க. நாம மாசத்துல ஒரு ராத்திரி" என்று அண்ணாச்சி முடித்தார். அதற்குப் பின் காற்றைப் பற்றி நான் பேசவில்லை.

இனி, நான் மறைக்க விரும்பிய பகுதி. அக்டோபர் வரை மழையின்றிக் கழித்த எங்களை நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. ஏரலைக் கடந்து ஆத்தூருக்குப் போகும் வழி. இரவு ஒன்பது மணிக்கு மேல். தார்ப்பாய் கட்ட உலர்ந்த தரை ஓரடியும் இல்லை. வெளிச்சம் தெரிந்த ஒரு கட்டடத்தின் வாசலில் நின்று, தாழ்வாரத்தில் ஒதுங்கலாமா என்று கேட்டோம். காவலுக்கு இருந்தவர் கோபமாகப் பேசவில்லை. "இங்கே படுக்க அனுமதி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொற்கள் என்னை அடித்தன. அவை என்னுடைய சொற்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இதேபோன்ற ஒரு மழை இரவில், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம் நம் கோயில் வாசலுக்கு வந்தது. வாழை வேலைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். தகப்பன் தோளில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. விடியும் வரை தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அதற்கு முந்திய மாதம் காணிக்கைப் பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. அது என் மனதில் இருந்தது. "இங்கே படுக்க அனுமதி இல்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள்" என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன். அந்த அனுமதியைக் கொடுக்கவேண்டியவன் நானே. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அதை எவரிடமும் சொன்னதில்லை. நானே மறந்தும் போனேன்.

ஆத்தூர்ச் சாலையில் மழையில் நின்றபோது அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு நினைவு வந்தது. அங்கிருந்து அரை மைல் தள்ளி, வாழைத்தோட்டத்துப் பம்புசெட் அறையில் விளக்கெரிந்தது. தோட்டக்காரர் கதவைத் திறந்தார். எங்கள் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தக் கோயில் என்றும் கேட்கவில்லை. "உள்ள வாங்க, மொதல்ல தலையைத் தொவட்டுங்க" என்று தம் துண்டைக் கொடுத்தார். உரமூட்டைகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார். கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார். அண்ணாச்சி தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜெபித்தேன்.

பன்னிரண்டாம் இரவை டிசம்பர் 22க்குக் குறித்திருந்தோம். அது 17ஆம் தேதியே வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் நம் நிலையத்தோடு நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கினார்கள். மீட்புப் பணியினர் வந்துசேரும் வரை, தங்கள் வீடுகளே நனைந்திருந்த புதுக்குடி மக்கள், இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சமையல் எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரியது.

நம் கோயிலில் தண்ணீர் படிக்கட்டு வரை வந்து நின்றது. இருட்டிய பிறகு ஒரு குடும்பம் படியில் தயங்கி நின்று, "சாமி, நாங்க உள்ள வரலாமா?" என்று கேட்டது. பழைய குடும்பம் அன்று, வேறு மனிதர்கள். ஆனாலும் அதே கேள்வி. அன்றிரவு நாற்பதுக்கு மேற்பட்டோர் ஜமுக்காளங்களில் படுத்தார்கள். எங்கள் கொசுவலைகள் இரண்டும் கைக்குழந்தைகளுக்குப் போயின. தார்ப்பாய், மழை ஒழுகிய மூலைக்குப் போயிற்று. அண்ணாச்சி டார்ச்சைப் பிடிக்க, நம் சபைத் தாய்மார் கஞ்சி காய்ச்சினார்கள். அதுவே எங்கள் பன்னிரண்டாம் இரவு.

பிரியமானவர்களே, லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் கூடாரப்பண்டிகையின் கட்டளையை வாசித்துப் பாருங்கள். கானானில் சுவர் வைத்த வீட்டில் குடியேறப்போகிற ஜனத்துக்கு, ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களில் குடியிருக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டார். வனாந்தரத்தில் தங்கள் பிதாக்கள் கூடாரவாசிகளாய் இருந்ததைச் சந்ததியார் அறியவேண்டும் என்பதே அதன் காரணம். வீடு கிடைத்தவன் வீடற்றிருந்த நாளை மறந்துபோவான் என்று அவர் அறிந்திருந்தார். நானும் மறந்துதான் போனேன். எனக்கு அதை நினைப்பூட்டுவதற்கு ஆண்டவர் ஒரு பழைய சைக்கிளையும், மழையையும், காவல்காரர் ஒருவரையும் பயன்படுத்தினார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வெளியே படுத்தது எங்கள் விருப்பத்தால். விடிந்தால் வீடு உண்டு. சட்டைப்பையில் பணம் உண்டு. ஆண்களாயிருந்தபடியால் அச்சமும் குறைவு. பேருந்து நிலையத்துத் திண்ணையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும் தாயின் இரவும் எங்கள் இரவும் ஒன்றல்ல. ஆகவே இதைத் தியாகம் என்று யாரும் சொல்லவேண்டாம். கதவைத் தட்டுகிறவனின் பக்கத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தோம், அவ்வளவே.

நான் திருப்பி அனுப்பிய குடும்பத்தை அதன்பின் காணவில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நம் சபைக் கமிட்டியில் இதைச் சொன்னேன். ஒருமனதாகத் தீர்மானமும் ஆயிற்று. இப்போது தாழ்வாரத்து இரும்புக்கதவு இரவில் பூட்டப்படுவதில்லை. ஒரு விளக்கும் குடிதண்ணீர்ப் பானையும் இரண்டு பாய்களும் அங்கே இருக்கின்றன. காணிக்கைப் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கிறோம். அவ்வளவு எளிய காரியம் அது.

உங்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. எல்லாரும் சைக்கிளில் போக வேண்டியதில்லை. இந்த வாரத்தில் ஓர் இரவு, கதவைப் பூட்டுமுன், வெளியே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். வாலிபரில் விருப்பமுள்ளோர் அடுத்த வெள்ளிக்கிழமை எங்களோடு வரலாம். அண்ணாச்சியிடம் இன்னும் ஒரு சைக்கிள் இருக்கிறது. பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு வாருங்கள்.

ஜெபிப்போமாக: தலைசாய்க்க இடமின்றி இப்பூமியில் நடந்த எங்கள் ஆண்டவரே, நாங்கள் பூட்டிய கதவுகளை எங்களுக்கு நினைப்பூட்டும். திறக்கும் மனதைத் தாரும். எங்கள் வாசலில் நின்று திரும்பிப் போனவர்களுக்கு அன்றிரவு நீரே அடைக்கலமாயிருந்தீர் என்று நம்புகிறோம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.