நரசாப்பூர் கொக்கி!

ரயில் அதற்கு மேல் போகாது. தண்டவாளமே அங்கே முடிந்துவிடுகிறது. "எந்த ஸ்டேஷன்னு யாரையும் கேட்க வேண்டாம்யா. எல்லாரும் இறங்கினப்புறம் நீயும் இறங்கு" என்று சொல்லி அனுப்பினார் எங்கள் மேனேஜர். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் எனக்குச் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்.

ஊர் நரசாப்பூர். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம். அங்குள்ள கிளை ஆபீஸ் கணக்கைச் சரிபார்க்க எனக்கு நாலு நாள் டூர். விஜயவாடாவில் இறங்கி, பாசஞ்சர் வண்டியில் குடிவாடா, பீமாவரம், பாலகொல்லு என்று ஆடி அசைந்து போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே முதலில் நெல் வயல். பீமாவரம் பக்கம் வந்ததும் வயல்களெல்லாம் மீன் குட்டை, இறால் குட்டைகளாக மாறிவிடுகின்றன. பிறகு தென்னை, தென்னை, மேலும் தென்னை.

கிளம்பும்போது என் தர்மபத்தினி ஒரு விண்ணப்பம் வைத்தாள். "அந்த ஊர் லேஸ் ரொம்ப நல்லா இருக்குமாம். ஒரு ஷால் வாங்கிட்டு வாங்க. எங்க ஆபீஸ்ல என் சீட்டுக்கு நேர் மேலே ஏ.சி. வெச்சிருக்கான் பாவி. மத்தியானம் மூணு மணிக்கு விரல் விறைச்சுப் போகுது."

"பெரிய தொகையா இருந்தா?"

"பேரம் பேசுங்க. கறிவேப்பிலைக்கே பேரம் பேசற ஆள்தானே நீங்க!"

இந்தப் புகழ்ச்சியை அப்படியே நம்பிக்கொண்டு போனேன். தப்பு அங்கே ஆரம்பித்தது.

* * *

நரசாப்பூரில் ஆற்றங்கரைக்குப் போய் நின்றால் மனசு விரிந்துவிடும். கோதாவரியின் வசிஷ்டா கிளை. நான் போனது ஆகஸ்ட். புது வெள்ளம், காபி கலரில். படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, அதன் மேலேயே ஆள் உட்கார்ந்து, அக்கரை சகினேடிபல்லிக்குப் போகிறார்கள். அங்கிருந்து அந்தர்வேதி. லட்சுமி நரசிம்மர் கோயில் கொண்ட இடம். ஆறு கடலில் விழுவதும் அங்கேதான்.

புலசை மீன் சீசன் வேறு. தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும் என்று அந்தப் பக்கம் ஒரு பழமொழி உண்டு. விலையைக் கேட்டேன். பழமொழி சரிதான். என்னிடம் விற்கத் தாலி இல்லாததால் கோங்குரா பச்சடியோடு திருப்தி அடைந்தேன்.

வெள்ளைக்காரன் இந்தக் கரையை எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டான். 17-ம் நூற்றாண்டிலேயே இங்கே ஆங்கிலேயர்கள் கப்பல் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து மாதவாயிபாலத்தில் பண்டகசாலை வைத்துப் பருத்தித் துணி வாங்கியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் 'மடபோலம்' என்று துணிக்கே பெயர் வைத்துவிட்டார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிகள் கொண்டுவந்த சரக்குதான் லேஸ். சின்னக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே வேலை. அதே சமயம் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். அங்கேயும் எத்தனையோ குடும்பங்கள் இந்த லேஸைப் பின்னி விற்றுத்தான் கஞ்சி குடித்திருக்கின்றன. ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்தக் கொக்கிக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு.

* * *

முதல் நாள் சாயங்காலம் லாட்ஜ் பையன் ஊரை ஒட்டிய ஒரு தெருவுக்குக் கூட்டிப் போனான். வாசலுக்கு வாசல் பெண்கள். கையில் கொக்கி, மடியில் வெள்ளை நூல். வாய் ஊர்க்கதை பேசுகிறது, கண் தெருவைப் பார்க்கிறது, விரல் மட்டும் தனியாக வேறு யாருக்கோ வேலை செய்கிற மாதிரி ஓடுகிறது.

ஒரு திண்ணையில் ஐம்பது வயது அம்மா ஒருவர். பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளை ஷால். பூப்பூவாக, பிரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் கோதாவரி தெரிந்தது. அவருக்குக் கொஞ்சம் சினிமாத் தமிழ். எனக்குக் கொஞ்சம் சினிமாத் தெலுங்கு.

"எந்தம்மா?" என்றேன். நமக்கு 'எந்த' என்றால் எந்த. அவர்களுக்கு 'எந்த' என்றால் எவ்வளவு. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆந்திரா முழுக்கச் சுற்றலாம்.

"பன்னெண்டு வந்தலு." ஆயிரத்து இருநூறு.

நான் சிரித்தேன். பேரத்தின் முதல் விதி அது. "ஏடு வந்தலு" என்றேன். எழுநூறு. பிறகு வழக்கமான வசனம்: "சும்மா திண்ணையில உட்கார்ந்து பேசிக்கிட்டே பின்றதுதானேம்மா? பொழுதுபோக்குக்கு இவ்வளவா?"

அந்தம்மா கோபப்படவில்லை. ஷாலை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார். உள்ளே போய் ஒரு பெரிய கொக்கியும் தடிமனான நூல் உருண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நாலு நாள் இருக்கீங்கல்ல பாபு? உங்களுக்கும் பொழுது போகணும். நீங்களே பின்னுங்க. பின்னிட்டு விலை சொல்லுங்க."

தெருவே சிரித்தது. தமிழ்நாட்டு மானம் காற்றில் பறக்கலாமா? உட்கார்ந்துவிட்டேன்.

* * *

இனி பாடம். சிரிக்காமல் கேளுங்கள், உங்களுக்கும் உபயோகப்படும்.

ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசி. அதில் நூற்றுக்கணக்கான கண்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்று நழுவினால் பின்னியது கடகடவென்று இறங்கும். குரோஷேயில் ஒரே கொக்கி, பெரும்பாலும் ஒரே ஒரு கண்தான் உயிரோடு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். கத்துக்குட்டிக்கு ஏற்றது இதுதான். நூல் தடிமனாக இருக்கட்டும், வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண் தெரியாது. கொக்கி 5 மில்லிமீட்டர்.

முதலில் செயின். ஒரு வளையம், அதற்குள் நூலை இழுத்தால் அடுத்த வளையம். அடுத்தது தூண்: கொக்கியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணுக்குள் விட்டு நூலை இழுத்தால் கொக்கியில் மூன்று வளையம் நிற்கும். மறுபடி நூலை எடுத்து இரண்டைக் கழற்று. இன்னொரு முறை எடுத்து மீதி இரண்டைக் கழற்று. முடிந்தது. இதை அமெரிக்கப் புத்தகம் 'டபுள்' என்கிறது, இங்கிலாந்துப் புத்தகம் 'ட்ரெபிள்' என்கிறது. அந்தம்மா எந்தப் புத்தகமும் பார்க்காததால் குழப்பமில்லை.

ஷாலை முக்கோணத்தின் நுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு செயின் போட்டு, முதல் செயினிலேயே இரண்டு தூண். மீதி மூன்று செயின் ஒரு தூணாகக் கணக்கு, ஆக மூன்று. திருப்பு. மறுபடி மூன்று செயின், அதே கண்ணில் இன்னும் இரண்டு தூண். நடுவில் கண்ணுக்கு ஒரு தூண். கடைசிக் கண்ணில் மூன்று தூண். இப்போது ஏழு. அடுத்த வரிசை பதினொன்று, அதற்கடுத்தது பதினைந்து. ஒவ்வொரு வரிசைக்கும் நாலு கூடும். அவ்வளவுதான் ஷால்!

கணக்குப்பிள்ளை மூளைக்கு இது அல்வா. வரிசை எண்ணை நாலால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் தூண் எண்ணிக்கை. டேலி ஆக வேண்டும்.

மூன்று சாயங்காலம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஆறு வயசுப் பெண் என் கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கிளம்பும்போது என்னிடம் இருந்தது உள்ளங்கை அளவு முக்கோணம். வெள்ளை ஷாலைப் பற்றி அந்தம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நூலுக்கும் கொக்கிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

* * *

சென்னையில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பின்னினேன். போதவில்லை. தாம்பரம் - பீச் மின்சார ரயிலிலும் எடுத்துவிட்டேன். எதிர் சீட்டுப் பெரியவர் குரோம்பேட்டையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, மாம்பலத்தில் பொறுக்க முடியாமல், "ஏன் சார், வீட்ல ரொம்பக் கண்டிப்போ?" என்றார்.

பதினெட்டாம் வரிசையில் எண்ணினேன். 71 இருக்க வேண்டும்; 66 இருந்தது. வரிசையின் முனையில் அந்த மூன்று செயினின் தலையும் ஒரு கண். அதை ஐந்து வரிசையாக விட்டிருக்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்து பைசா கோபுரம் மாதிரி நின்றது ஷால். ஐந்து வரிசையையும் பிரித்தேன். பிரிப்பது மட்டும் சுகம். இழுத்தால் வந்துவிடும், சம்பளப் பணம் மாதிரி.

ஏழு வாரத்தில் ஐம்பது வரிசை முடிந்தது. உட்கார்ந்து கூட்டினேன்: 5,050 தூண்கள். தூணுக்கு இருபது விநாடி வைத்தாலும் 28 மணி நேரம். பிரித்ததையும் சேர்த்து 34. அதுவும் தடி நூலில், ஒரு பூ கூட இல்லாமல்.

மனைவி போர்த்திப் பார்த்தாள். "ஒரு ஓரம் கொஞ்சம் இழுக்குது. பரவாயில்லை" என்றாள். மறுநாளே ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனாள். அங்கே யாரோ, "கடையில ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே" என்றார்களாம். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நாலு மணி நேரம் சார்!

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இன்னொரு கணக்குப் போட்டேன். அந்த வெள்ளை ஷாலுக்கு மூன்று பேர் உழைப்பு, எல்லாமாக எண்பது மணி நேரம் என்று திண்ணையில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார் அந்தம்மா. பூப் போடுகிறவர் ஒருவர், பூக்களை இணைக்கிறவர் இன்னொருவர், ஓரம் கட்டுகிறவர் மூன்றாமவர். நூல் முந்நூறு ரூபாய். அவர் கேட்ட ஆயிரத்து இருநூறிலேயே மணிக்குப் பதினொரு ரூபாய்தான் தேறும். நான் கேட்ட எழுநூறுக்கு? ஐந்து ரூபாய். எங்கள் ஆபீஸ் வாசலில் அரை டீ கூட வராது.

'பொழுதுபோக்குக்கு இவ்வளவா' என்று நான் பேசிய வசனம் புதுசு இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1970-களின் கடைசியில் இதே நரசாப்பூரில் தங்கி ஆராய்ச்சி செய்து, 1982-ல் புத்தகம் போட்டிருக்கிறார். உலகச் சந்தைக்கே உழைக்கும் பெண்களை, 'வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைத்து வைத்தார்கள் என்கிறார் அவர். ஒரு ஜெர்மன் அம்மாள் எழுதிய குற்றப்பத்திரிகையில், அவர் பார்க்காத ஒரு சென்னைக் குமாஸ்தாவும் உட்கார்ந்திருக்கிறான்.

குரோஷே பின்ன இன்றுவரை சரியான இயந்திரம் வரவில்லை. நிஜக் குரோஷே எங்கே பார்த்தாலும், அதன் பின்னால் ஒரு கை இருந்தே தீரும். 2024-ல் நரசாப்பூர் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று, நம் திண்டுக்கல் பூட்டு மாதிரி. குறியீடு வந்துவிட்டது. கூலி?

* * *

ஜனவரியில் மறுபடி டூர். இந்த முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மேனேஜர் சந்தேகமாகப் பார்த்தார்.

நேரே அந்தத் திண்ணை. மனைவியிடம் இரவல் வாங்கிப் போன என் ஷாலைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனார். முப்பத்து மூன்றாவது வரிசையில் விரல் நின்றது. "இங்க ஒண்ணு விட்டுட்டீங்க பாபு" என்றார். ஆடிட்டில் கூட என்னை யாரும் இப்படிப் பிடித்ததில்லை.

"அந்த வெள்ளை ஷால் இருக்காம்மா? ஆயிரத்து இருநூறு கொண்டாந்திருக்கேன்."

"அதா? அப்பவே வியாபாரி எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். கடைசி நாள். அறுநூறுக்குக் கொடுத்தேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகஸ்டில் வாயை மூடிக்கொண்டு பையைத் திறந்திருந்தால், அந்த ஃபீஸ் வேறு மாதிரி கட்டப்பட்டிருக்கும்.

"அதே மாதிரி இன்னொண்ணு வேணும்மா. எந்த?"

"இப்போ நூல் விலை ஏறிப்போச்சு. பதினைந்து வந்தலு."

பர்ஸை எடுத்தேன். மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணி அவர் கையில் வைத்தேன்.

அந்தம்மா நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து கிட்டே வந்து, புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன பாபு, பேரமே பேசலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?"