ஓரம் விட எங்கே துணி?



போன கிழமை இடைவேளை மணி அடித்தும் ஒரு பிள்ளை வாங்கை விட்டு எழும்பவில்லை. "சாப்பிடப் போகல்லயா மகள்?" என்றேன். தலையைக் குனிந்து கொண்டாள். கிட்டப் போய்ப் பார்த்தால், சீருடையின் பக்கத் தையல் கமுக்கட்டிலிருந்து கீழே வரை விட்டுப் போயிருந்தது.

ஆசிரியர் அறையில் வைத்துக் கையால் தைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், நூல் அறவே இல்லை. ஓரத்தில் விட்ட துணி நெல் மணி அகலம்கூட இல்லாததால் துணிதான் பிசிறி, தையலை விட்டு நழுவியிருந்தது. எவ்வளவு நல்ல நூல் போட்டாலும் இதற்குப் பயனில்லை.

என் உம்மா கால் மெஷினில் கூலிக்குத் தைத்தவர். உள்ளே இவ்வளவு துணி எதற்கு, வெட்டுங்கள் என்று சண்டை பிடிப்பேன். "அது அடுத்த வருசத்து உடுப்பு மகள்" என்பார்.

அந்த நினைவோடுதான் பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் ஓரம் விட்டுத் தைத்திருக்கலாமே என்று புத்தி சொல்லத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அவளுடைய உம்மா சொன்னார்: "மூத்தவள்ட சட்டையப் பிரிச்சித்தான் தச்சன் டீச்சர். ஓரம் விட எங்க துணி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து சட்டையைப் பிரித்தோம். கீழ்க்கரையை ரெண்டு அங்குலம் மடித்திருந்தது கண்ணில் பட்டது. அதை வெட்டி எடுத்து, பிசிறிய ஓரங்களுக்கு நடுவே பட்டியாக வைத்து, கைக்குள்ளே ஒரு சாண் வரை ஒடுக்கிக் கொண்டு போய்த் தைத்தோம். கீழ்க்கரையை ஒடுக்கமாக மடித்தோம்.

புதுத் துணி வாங்குகிறவர்களுக்கு: முதலில் நனைத்துக் காய வைத்து விட்டு வெட்டுங்கள். பக்கங்களில் அரை அங்குலம் விடுங்கள். நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறைப் பாதியாக நறுக்கி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அயன் பண்ணி, மறுபடி கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடைந்து விடும். ஓவர்லொக் மெஷின் தேவையில்லை. இதை பிரெஞ்ச் சீம் என்பார்கள். அயன் பண்ணச் சோம்பல்பட்டால் இரண்டாவது தையல் கோணும், அனுபவத்தில் சொல்கிறேன்.

சல்வாரின் இருக்கைப் பகுதிக்கு இது வேண்டாம். அந்த வளைவில் தடித்து, பிள்ளைக்கு உறுத்தும். அங்கே அங்குலத்துக்கு 12 தையல் விழுமாறு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓட்டம். சட்டையின் பக்க வெட்டு தொடங்கும் இடத்தில் உள்ளே சிறு துண்டுத் துணி வைத்து, முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டுங்கள். இழுபடுவது அங்கேதான்.

வீட்டில் பெரிய பிள்ளைகளின் பழைய சீருடை இருந்தால் தூக்கிப் போடாமல் என்னிடம் தாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கீழ்க்கரை இருந்தால் போதும்.